பேடை வாங்கும் முன் ரோட்டரைப் படியுங்கள்

கேள்வி இதுதான். கேட்டவர் சேலத்தில் இருக்கிறார். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் வைத்த மலைச் சைக்கிள், ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், இரண்டு பக்கமும் 160 மில்லிமீட்டர் ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடு. ஞாயிறு தவறாமல் ஏற்காடு ஏறி இறங்குகிறார். ரோட்டரைக் கவ்வி உரசும் பேடில், பின் பேட் தேய்ந்துவிட்டது. முன் பிரேக் கிரீச்சென்று கத்துகிறது. இறக்கத்தில் பாதி வந்ததும் பிரேக் "பிடிப்பு விட்டுப் போகிறது". கடைக்காரர் மெட்டல் பேட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளை வெளிச்சத்தில் நிறுத்தி, ரோட்டரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி அதில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கமாக, ரோட்டரின் கைகளில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். எம்டி200 பிரேக்கோடு வரும் சைக்கிள்களில் ஆர்டி26, ஆர்டி10 மாதிரியான அடிப்படை ரோட்டர்தான் பெரும்பாலும் இருக்கும். அவற்றில் மாடல் எண்ணோடு சேர்த்து 'ரெசின் பேட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். அந்த மூன்று வார்த்தை இருந்தால் மெட்டல் பேட் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது, ரோட்டரையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் தவிர.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். பேட் தனிப் பொருள் இல்லை, அது ஒரு ஜோடியில் பாதி. ரெசின் பேடில் நாரும் நிரப்புப் பொடிகளும் பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். மெட்டல் பேட் என்பது உலோகப் பொடியை அழுத்திச் சூட்டில் இறுக்கியது, கல் மாதிரி கடினம். விலை குறைந்த ரோட்டரின் எஃகு அந்தக் கடினத்தைத் தாங்கும் அளவுக்குப் பதப்படுத்தப்பட்டிருக்காது. மெட்டல் பேட் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்றுவிடும். நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். எழுத்தைப் பார்க்காமல் "மெட்டல்னா ஸ்ட்ராங்" என்று மாட்டினேன். முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ரோட்டரின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் படிக்கட்டு மாதிரி தட்டியது. தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்துப் பார்த்தால் 1.4 மில்லிமீட்டர். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8, மாற்ற வேண்டிய எல்லை 1.5. பேடில் மிச்சம் பிடித்த பணம் ரோட்டரில் போனது.

இந்த 1.5 கணக்கை உங்கள் ரோட்டருக்கும் பார்த்துவிடுங்கள். பேட் உரசும் பட்டையில், நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். உரசாத வெளி ஓரத்தை வெர்னியர் கவ்விவிட்டால் தடிமன் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் ரோட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு: 1.85-இல் தொடங்குவதற்கு 1.55 எல்லை, தடித்த எச்எஸ்2 வகை 2.0-இல் தொடங்கி 1.7.

அடுத்து, "பிடிப்பு விட்டுப் போகிறது" என்கிறீர்களே, அதில்தான் எனக்கு அதிக அக்கறை. இது இரண்டு விதமாக நடக்கும், இரண்டுக்கும் மருந்து வேறு. அடுத்த முறை நடக்கும்போது கவனியுங்கள்: லீவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா, இல்லை மெத்தென்று ஹேண்டில்பார் வரை வருகிறதா?

லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், சூட்டில் பேட் வழுக்குகிறது, அல்லது பேடில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. லீவர் மெத்தென்று உள்ளே போனால் கோளாறு பேடில் இல்லை, பிரேக் ஆயிலில். ஆயிலுக்குள் காற்று இருக்கிறது, அல்லது சூடேறி ஆவிக் குமிழி உண்டாகிறது. குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, பேடை ரோட்டர் பக்கம் நகர்த்தும் பிஸ்டனைத் தள்ளாது. இந்த நிலையில் மெட்டல் பேட் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம், ஏனென்றால் மெட்டல் பேட் சூட்டை ரெசினைவிட வேகமாகப் பிஸ்டன் பக்கம் கடத்தும். அதற்கு ப்ளீட் செய்ய வேண்டும், அதாவது பழைய ஆயிலை வெளியேற்றிக் காற்றில்லாமல் புதியதை நிரப்ப வேண்டும். உங்கள் பிரேக்குக்கு ஷிமானோ மினரல் ஆயில் மட்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் ஆயிலை "எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது ஊற்ற வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஒரு சந்தேகம் வரலாம்: பேட் தேய்ந்ததால்தானே லீவர் உள்ளே போகிறது? கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கில் அப்படித்தான். ஹைட்ராலிக்கில், பேட் தேயத் தேய பிஸ்டன் தானாக வெளியே வந்து ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் லீவர் கடைசி வரை ஒழுங்காகவே இருந்து, ஒருநாள் திடீரென்று இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்கும். லீவரை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். பின்தகட்டைச் சேர்க்காமல் உரசும் பொருள் மட்டும் 0.5 மில்லிமீட்டர் என்பது ஷிமானோ சொல்லும் எல்லை. ஸ்ராம் தகட்டோடு சேர்த்து 3 மில்லிமீட்டர் என்கிறது. நான் 1 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். மலை ஏறுவதற்கு முந்தைய நாள் என்றால் 1.5-லேயே.

ஏற்காடு இறக்கம் பேடுக்கு என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, இறக்கம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கு அது குறைத்துச் சொன்ன கணக்குதான். மேலேயிருந்து கீழே வருவதற்குள் கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 880 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க, 160 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு எஃகுத் தகட்டிலும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு பேடிலும்தான் இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு முழுக்க லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆற நேரமே கிடைக்காது. வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, நேர்ச்சாலையில் முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட அந்தச் சில நொடியில்தான் காற்று ரோட்டரை ஆற்றுகிறது. பேட் மாற்றாமல், காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது.

இன்னொன்று: பின் பேட் முதலில் தேய்ந்தது என்றீர்கள். பின் சக்கரத்தில் மண்ணும் சேறும் அதிகம் தெறிக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் என் அனுபவத்தில் பெரிய காரணம், சின்ன வயதில் "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்" என்று நமக்கெல்லாம் சொல்லி வளர்த்தது. இறக்கத்தில் எடை முன்னால் சாய்கிறது, பிடிப்பும் முன் டயரில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சறுக்கும், சுடும், தேயும். இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள்.

சரி, முன் பிரேக் கத்துவது. மழையில், ஈரத்தில் சில நிமிடம் கத்தி அடங்கினால் பொருட்படுத்த வேண்டாம். காய்ந்த சாலையிலும் கத்திக்கொண்டு, பிடிப்பும் குறைந்திருந்தால் பேடில் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். எப்படி இறங்கும்? செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பறந்து வரும் துளியே போதும். சைக்கிளைக் கழுவிவிட்டு "பளபள" என்று இருக்கட்டுமென்று ஸ்ப்ரே பாலிஷ் அடிப்பவர்கள் உண்டு. ரோட்டரைச் சூடா என்று தொட்டுப் பார்க்கும் விரலில் எண்ணெய் இருக்கலாம், விரல் சுடுவது தனிக்கதை. கத்துகிற பிரேக்குக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தவரையும் நான் கண்டிருக்கிறேன். கீல் கத்தினால் எண்ணெய் விடுகிறோமே, அந்தப் பழக்கம்.

மேலோட்டமாகப் பட்ட எண்ணெய் என்றால் பேடைக் கழற்றி, சமதளத்தில் உப்புத்தாளை வைத்து அதன்மேல் பேடை எட்டு போடுவது போல் தேய்த்து, மேல்தோல் போனதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கலாம். ரோட்டரையும் அதே ஆல்கஹாலால், சுத்தமான துணியில். ரெசின் பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் ரகம், உள்ளே போய்விட்டால் தேய்த்துப் பயனில்லை. அடுப்பில் வாட்டினால் சரியாகும் என்று வரும் வீடியோக்களை நம்பிப் பிசின் பேடைச் சுடாதீர்கள். ஒட்டுப் போய்விட்டால் உரசும் பொருள் தகட்டிலிருந்து கழன்று வரும், அது நடப்பது பன்னிரண்டாம் வளைவிலாக இருக்கலாம். பேடும் பிஸ்டனும் உட்கார்ந்திருக்கும் கூடான கேலிப்பருக்குள்ளேயே பிஸ்டன் பக்கம் ஆயில் கசிந்தால் எத்தனை பேட் மாற்றினாலும் வாரத்தில் மறுபடி கத்தும். பழைய பேடைக் கழற்றும்போது அதன் பின்தகட்டைப் பாருங்கள். அங்கே ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் முதலில் கேலிப்பரைக் கவனிக்க வேண்டும்.

இப்போது எந்தப் பேட் என்பதற்கு வருவோம். முதலில் உருவம். டிஸ்க் பேடில் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று ஒன்று கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். எம்டி200-க்கு முதலில் வந்தது பி01எஸ், அந்த வரிசையில் பின்னால் வந்தவை பி03எஸ், பி05எஸ். மூன்றும் ஒரே உருவம், மூன்றும் ரெசின். இன்று கடையில் பி05எஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இதே உருவத்தை டெக்ட்ரோவின் ஆரிகா போன்ற பிரேக்குகளும் பயன்படுத்துவதால் வேறு கம்பெனிப் பேட்களின் அட்டையில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். அதே உருவத்தில் மெட்டல் வேண்டுமென்றால் இ01எஸ். உங்கள் கேலிப்பருக்குள் அது உட்காரும் என்பதால்தான் கடைக்காரர் தயங்காமல் எடுத்து நீட்டுகிறார். உட்காருவது வேறு, அதற்கென்று செய்தது வேறு. எம்டி200-ஐ ஷிமானோ ரெசின் பேடோடுதான் விற்கிறது.

வேறு பிரேக் வைத்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு வரி: ஏவிட் பிபி7-க்கும் பிபி5-க்கும் பெயர் பக்கத்தில் இருந்தாலும் பேட் வேறு, ஸ்ராமின் கைடு, ஜி2 மாடல்களுக்கு ஒரே பேட், அதன் கோட் மாடலுக்கு வேறு. மாடல் பெயர் அழிந்துபோயிருந்தால் வெட்கப்படாமல் பழைய பேடைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புதியதன் மேல் பழையதை வைத்துப் பார்த்தால் ஓரம், பேடைப் பிடித்து நிறுத்தும் முள் போகும் ஓட்டை, காது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். 'கிட்டத்தட்ட' பொருந்துவது பொருந்தாததுதான்.

ரெசினா மெட்டலா என்பதில் என் கருத்து: ரெசின் முதல் அழுத்திலேயே கவ்வும், சத்தம் குறைவு, ரோட்டரைக் காப்பாற்றும். மழைக்காலச் சேற்றில் மளமளவென்று தேயும், நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் வழுக்கத் தொடங்கும். மெட்டல் சேற்றிலும் சூட்டிலும் உழைக்கும், நெடுநாள் வரும். ஆனால் குளிர்ந்த நிலையில் முதல் கவ்வல் மந்தம், ஈரத்தில் ஊரைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவில் செமி மெட்டல் என்றும் ஒன்று உண்டு. அட்டையில் 'செராமிக்' என்று போட்டு வரும் மலிவுப் பேட்களைப் பொறுத்தவரை, அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். ரெசின் ரோட்டரில் போடலாமா என்று அட்டையிலேயே தெளிவாக இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன். பெயர் தெரியாத பேட் ஒன்றில் ஒருமுறை உரசும் பொருள் ஓரத்தில் தகட்டைவிட்டுப் பிரிந்திருந்ததைப் பார்த்த பிறகு, மலிவுப் பேடை முதல் இரண்டு சவாரி முடிந்ததும் கழற்றி விளிம்பைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு பக்கமும் பி05எஸ் ரெசின். முன் பேடில் எண்ணெய் இறங்கியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். செமி மெட்டல் பக்கம் போகவே வேண்டாம். இன்னும் கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் அதைப் பேடில் போடாமல் முன் ரோட்டரில் போடுங்கள். 160-ஐ 180 ஆக்கினால் அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு பிடிப்பு கூடும். தகடு பெரியது என்பதால் சூடும் சீக்கிரம் ஆறும். ஆறு போல்ட் ஹப் என்றால் ஆர்டி66 எடுத்துக்கொள்ளலாம். அது ரெசினையும் தாங்கும், மெட்டலையும் தாங்கும். பின்னாளில் கொல்லிமலையின் எழுபது வளைவை மழையில் இறங்க ஆசை வந்தால் மெட்டலுக்கும் வழி திறந்திருக்கும். கேலிப்பரைத் தூக்கி வைக்க ஓர் அடாப்டர் வேண்டும். முக்கியமாக உங்கள் முன் ஃபோர்க் 180-ஐ அனுமதிக்கிறதா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. அவசரப்பட்டால் மட்டும் சிக்கல். சக்கரத்தைக் கழற்றிய பிறகு லீவரை அழுத்தவே கூடாது, பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். பழைய பேட் இருக்கும்போதே, நடுவில் டயர் கழற்றப் பயன்படும் பிளாஸ்டிக் டயர் லீவரை நுழைத்து இரண்டு பக்கமும் மெதுவாகத் தள்ளிப் பிஸ்டனை உள்ளே அனுப்புங்கள். பழைய பேட் கவசமாக நிற்பதால் பிஸ்டனில் கீறல் விழாது. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிறகு முள்ளின் வளைந்த நுனியை நேராக்கி உருவினால் பேடும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வெளியே வரும். எப்படி உட்கார்ந்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேலிப்பரின் உள்ளே ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, கையையும் கழுவிக்கொண்டு, புதிய பேடை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஸ்பிரிங்கைச் சாண்ட்விச் மாதிரி நடுவில் வைத்து, மூன்றையும் ஒன்றாக அழுத்தி நுழைக்க வேண்டும். ஸ்பிரிங்கின் கால் பேடின் முகத்துக்கு மேல் வந்துவிடாமல் பக்கத்தில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். மேலே வந்தால் ரோட்டரில் உரசி முறுக்கிக்கொள்ளும். முள்ளைச் செருகி நுனியை மறுபடி வளைத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை வளைத்த முள்ளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுவது நல்லது.

சக்கரத்தை மாட்டி லீவர் கெட்டியாகும் வரை பல முறை அழுத்துங்கள். சக்கரம் சுற்றும்போது உரசினால் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை இறுக்கப் பிடித்துக்கொண்டே மாற்றி மாற்றி முடுக்குங்கள். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

இதற்கு அப்புறம் பலரும் தவிர்த்துவிடும் ஒரு வேலை இருக்கிறது: பேடை ரோட்டரோடு பழக்குவது. புதிய பேட் முதல் நாள் பாதிதான் பிடிக்கும். பேடின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாக ஒட்டிய பிறகே முழுப் பிடிப்பு வரும். போக்குவரத்து இல்லாத சமதெருவில் மிதமான வேகம் பிடித்து, ஒரு பிரேக்கை மட்டும் உறுதியாக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடாது, வண்டி முழுதாக நிற்கவும் கூடாது. இப்படி இருபது முறை. அப்புறம் இன்னும் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் பத்து முறை. அடுத்த பிரேக்குக்கும் அதே. பதினைந்தாவது முறை வாக்கில் லீவரில் வித்தியாசம் தெரியும், வண்டி கையைக் கேட்கத் தொடங்கும். இதைச் செய்யாமல் நேராக ஏற்காட்டு உச்சியிலிருந்து புதுப் பேடோடு இறங்கினால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டிப்பட்டுவிடும், பிறகு மறுபடி உப்புத்தாள்.

கழற்றிய பேடில் எண்ணெய் படாமல், ஒரு மில்லிமீட்டராவது மிச்சமிருக்கும் ஜோடி இருந்தால் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே ஒரு முள்ளையும் வைத்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் சேர்த்துவிடுங்கள். செயின் ஆயில் பாட்டில் இருக்கும் அறையில் மட்டும் வைக்க வேண்டாம்.